இரண்டு நோட்டுகளும் ஒரு தட்டு தயிர்ச் சோறும்

கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்பது 2018 வரை எனக்குத் தெரியாது. ஓர் இரவு பதினொரு மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. மூன்று வாரமாக மகனுக்குக் கோதுமையின் வாசமே காட்டவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தோம். தயிருக்குப் பதிலாக ஊட்ட முயன்ற ரசத்தில் தினமும் அதைத்தான் தாளித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். என் கவனக்குறைவால்தான் அவன் பேசவில்லை என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நினைத்தேன்.

அதேபோல் இன்று டப்பாக்களைத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகனுக்கு இப்போது பதினொரு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயது நிறையும் முன்பே சொல்லிவிட்டார்கள். நாங்கள் இருப்பது திருச்சியில். நான் மருத்துவர் இல்லை; வணிகவியல் படித்தவள். ஆனால் உணவு, வைட்டமின், குடல் என்று இந்த எட்டு வருடங்களில் படித்ததும் பட்டதும் நிறைய.

நான்கு வயதில் அவன் சாப்பிட்டது நான்கே பொருள்கள். தயிர்ச் சோறு, அதுவும் கடுகுகூடத் தாளிக்காமல். சட்னி தொடாத இட்லி. ஒரே ஒரு வகைப் பால் பிஸ்கட். பால். எல்லாமே வெள்ளை அல்லது வெள்ளைக்கு அருகில். தட்டில் ஒரு கறிவேப்பிலை விழுந்தால் தட்டையே தள்ளிவிடுவான். இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பது என்று நினைத்திருந்தேன். ஆட்டிசத்தை முதன்முதலில் 1943-இல் விவரித்து எழுதிய லியோ கானர் பார்த்த 11 குழந்தைகளிலேயே பலருக்கு உணவுச் சிக்கல் இருந்திருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேரிடம் வழக்கத்துக்கு மாறான உணவுப் பழக்கம் இருந்தது. வளர்ச்சிச் சிக்கல் எதுவும் இல்லாத குழந்தைகளில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு.

அவனுக்கு நான்கு வயதான அந்த வருடம் ஒருவர் சொல்லி வேறு ஊரில் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். ரத்தம் எடுத்து ‘உணவு ஒவ்வாமை ஐ.ஜி.ஜி.’ சோதனை செய்தார்கள், முடியை வெட்டி உலோகச் சோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் சிவப்பில் வந்தவை பால், அரிசி, உளுந்து, கோதுமை. எங்களுக்கு ஒரே ஆச்சரியம்: அவன் சாப்பிடுவது அத்தனையும் அப்படியே வந்திருக்கிறதே! ஐ.ஜி.ஜி. என்பது உடல் ஒரு உணவைச் சந்தித்திருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே, ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. தினமும் சாப்பிடுவதுதான் அதில் தெரியும். இதை நான் அறிந்தது ஒன்றரை வருடம் கழித்து.

பாலும் கோதுமையும் அறவே கூடாது என்றார்கள். கூடவே சத்து மருந்து 14 பாட்டில்கள். மாதம் 18,000 ரூபாய். என் கணவரின் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

அவர்கள் சொன்ன காரணம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கோதுமையில் உள்ள குளூட்டனும் பாலில் உள்ள கேசினும் சரியாகச் செரிக்காமல் சிறு சிறு புரதத் துண்டுகளாக நின்றுவிடுகின்றன. அவை குடல் வழியே ரத்தத்தில் கலந்து மூளையில் அபின்போல வேலை செய்கின்றன என்பது அந்தக் கருத்து. 1979-இல் யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் ஆட்டிசத்துக்கும் மூளையில் தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களான ஓபியாய்டுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். பின்னர் நார்வே ஆய்வாளர்கள் அதை உணவோடு இணைத்துச் சிறிய அளவில் சோதித்து, நல்ல பலன் என்று எழுதினார்கள். ஒரு கருத்தாக அது தவறில்லை. சோதித்துப் பார்க்க வேண்டிய கருத்து.

மேல்நாட்டுப் பெற்றோருக்குக் கோதுமையை விடுவதுதான் பெரும்பாடு. நமக்கு அது பெரிதில்லை. இட்லி, தோசை, சோறு, புட்டு, இடியாப்பம் எதிலும் குளூட்டன் இல்லை. ரவையையும் சேமியாவையும் பிஸ்கட்டையும் பெருங்காயத்தையும் கவனித்தால் போதும். நம் வீட்டில் கை வைக்க முடியாத இடம் தயிர்தான். தயிர்ச் சோற்றை நிறுத்திய முதல் நாள் என் மகன் காலையிலிருந்து இரவு வரை தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. இரண்டாம் நாள் அத்தை என்னிடம் எதுவும் சொல்லாமல் பூஜை அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். (நான் மணந்தது அத்தை மகனை. அது இந்தக் கதையில் பிறகு வரும்.) தேங்காய்ப் பாலில் செய்த தயிரை மூன்றாம் வாரம் ஒருவழியாக நான்கு வாய் வாங்கினான்.

ஆறு மாதம் தாக்குப்பிடித்தோம். அந்த ஆறு மாதத்தில் 15.2 கிலோவிலிருந்து 13.6 கிலோவுக்கு இறங்கினான்.

ஆனால் என் நோட்டில் எல்லாம் நன்றாக இருந்தது. தினமும் இரவு எழுதுவேன். ‘இன்று என் கண்ணைப் பார்த்துச் சிரித்தான்.’ ‘பெயர் சொல்லி அழைத்ததும் இரண்டு முறை திரும்பினான்.’ ‘அத்தையின் மடியில் தானே போய் உட்கார்ந்தான்.’ ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாம் நடந்தவைதான்.

அவன் போய்வந்த சிறப்புப் பள்ளியின் ஆசிரியையும் ஒரு நோட்டு வைத்திருந்தார். எங்கள் உணவுத் திட்டத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாரோ என்ற பயம். பருவ முடிவில் அந்த நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். சிவப்பு மையில் கட்டம் போட்டு, நாள்வாரியாக மூன்றே விஷயங்கள்: தலையில் அடித்துக்கொண்டது எத்தனை முறை, வகுப்பில் தூங்கினானா, மதிய உணவு சாப்பிட்டானா. உணவை மாற்றிய இரண்டாம் மாதத்தில் 22 பள்ளி நாள்களில் 17 நாள் ‘உணவைத் தொடவில்லை’ என்று இருந்தது. தலையில் அடித்துக்கொள்வது முன்பு ஒரு நாளைக்கு நான்கைந்து முறை; அப்போது ஒன்பது, பத்து, பன்னிரண்டு.

இரண்டு நோட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி பார்த்துப் புரட்டினேன். நான் ‘சிரித்தான்’ என்று எழுதிய நாளில் அவர் ‘12’ என்று எழுதியிருந்தார். நான் தேடியதை நான் கண்டிருக்கிறேன். அவர் எதையும் தேடாமல் எண்ணியிருக்கிறார்.

அதன் பிறகுதான் ஆய்வு என்றால் என்ன என்று படிக்கத் தொடங்கினேன். என் மேசையில் நடந்ததேதான் பெரிய அளவில் முன்பே நடந்திருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் மூன்று குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. குடல் சோதனைக்காகச் செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோனை ஊசியில் செலுத்தினார்கள். பிறகு பேச்சும் கண் பார்த்தலும் கூடின என்றார்கள். செய்தி பரவி ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசிக்காக அலைந்தார்கள். 1999 டிசம்பரில் முறையான சோதனையின் முடிவு வெளியானது. 60 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குச் செக்ரெட்டின், மறு பகுதியினருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. இரு பக்கத்துக் குழந்தைகளும் முன்னேறினார்கள். செக்ரெட்டினால் கூடுதலாக எந்தப் பயனும் இல்லை. என்னை உலுக்கியது அடுத்த வரி: முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் தங்கள் குழந்தைக்கு அந்த ஊசி வேண்டும் என்றே ஆர்வம் காட்டினார்கள். அந்தப் பெற்றோரை எனக்குத் தெரியும். நான் அவர்களில் ஒருத்தி.

குளூட்டன், கேசின் உணவு முறையையும் இதேபோல் சோதித்திருக்கிறார்கள். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2016-இல் வெளியானது. சீலியாக் நோயோ (குளூட்டன் குடலைப் புண்ணாக்கும் நோய்) பால் ஒவ்வாமையோ இல்லாத சிறு குழந்தைகளை அந்த உணவு முறையில் வைத்து, வாரந்தோறும் ஒரு சிற்றுண்டி கொடுத்தார்கள். சில வாரம் அதில் குளூட்டன், சில வாரம் கேசின், சில வாரம் இரண்டும், சில வாரம் எதுவும் இல்லை. உள்ளே என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நடத்தையிலும் தூக்கத்திலும் மலம் கழிப்பதிலும் வித்தியாசம் தெரியவில்லை. முழுமையாக முடித்தவர்கள் 14 குழந்தைகள்தான், சிறிய ஆய்வு என்பதையும் சொல்ல வேண்டும். எந்தக் குழந்தைக்குமே பயன்படாது என்று அடித்துச் சொல்ல அது போதாது. சீலியாக் நோய் உள்ள குழந்தைக்குக் கோதுமையை நிறுத்தத்தான் வேண்டும். அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும். எங்களிடம் அத்தனை சோதனைக்குப் பணம் வாங்கியவர்கள் இந்த ஒன்றைச் செய்யவில்லை.

அந்த மையத்தில் ‘அடுத்த கட்டம் கிலேஷன்’ என்று சொன்ன அன்று என் கணவர் எழுந்துவிட்டார். உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றும் மருந்து அது. ஈய நஞ்சு உறுதியானவர்களுக்கு அது தேவை. ஆட்டிசத்துக்காக அதைச் செலுத்தியபோது 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இறந்துபோனான். இந்த விஷயத்தில் நான் நடுநிலை காட்டப் போவதில்லை. தயவுசெய்து வேண்டாம்.

பிறகு நாங்கள் போன குழந்தைகள் நல மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால்?” தயிரும் பாலும் திரும்பி வந்திருந்த நேரம் அது. நான்கு டம்ளர் என்றேன். மண் தின்கிறானா என்றார். சுவரைச் சுரண்டி நக்குகிறான் என்றேன். இரவில்? கால்களை உதைத்துக்கொண்டே இருக்கிறான், இரண்டு மணிக்கு எழுந்தால் ஐந்துக்குத்தான் தூங்குகிறான். அதுவரை இவை அத்தனையையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதியிருந்தோம். ஹீமோகுளோபின் 10.4. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6; 15-க்குக் கீழே போனாலே குறைபாடு. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதிலுள்ள கால்சியம் மற்ற உணவில் இருக்கும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. வயிறு நிறையப் பால், வேறு எதற்கும் இடமில்லை. 14 பாட்டில் வாங்கிய குழந்தைக்கு இரும்புச்சத்து இல்லை.

வயிற்றையும் அழுத்திப் பார்த்தார். கட்டில் விளிம்பில் வயிற்றை வைத்து அழுத்திக்கொண்டு படுக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு, அதை அவனுடைய விளையாட்டு என்று வீடியோகூட எடுத்து வைத்திருந்தோம். அது வயிற்று வலி. பேச முடியாத குழந்தை வலியைச் சொல்லும் விதங்களில் அதுவும் ஒன்று என்று 2010-இல் அமெரிக்காவில் வல்லுநர் குழு ஒன்று எழுதிய பரிந்துரையிலேயே இருக்கிறது. எக்ஸ்ரேயில் பெருங்குடல் முழுக்க இறுகிய மலம். அவ்வப்போது தண்ணீராகப் போனதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நாங்கள் மருந்து கொடுத்திருக்கிறோம். இறுகிய மலத்தின் ஓரமாக வழிந்து வந்த நீர் அது. மலத்தை இளக்கும் பொடியை முதலில் தொடங்கி, மூன்று வாரம் கழித்துத்தான் இரும்பு சிரப் கொடுக்கச் சொன்னார், இரும்பு மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால். அந்த மூன்று வாரத்தில் ஆசிரியையின் நோட்டில் தலையில் அடித்துக்கொள்ளும் எண்ணிக்கை மூன்றுக்கு வந்தது. இந்த முறையும் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் காரணம் வேறு.

இரும்பு சிரப்பில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. துருப்பிடித்த சுவை, துப்பிவிடுவான் என்று தயிர்ச் சோற்றில் கலந்து பிசைந்தேன். வெள்ளைச் சோறு லேசான பழுப்பாக மாறியது. ஒரு வாய் வாங்கினான். என்னைப் பார்த்தான். அதன் பிறகு ஒன்பது நாள், வெறும் தயிர்ச் சோற்றைக்கூடத் தொடவில்லை. அவன் நம்பிய நான்கு உணவில் ஒன்றை நான் அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டேன். குழந்தை நம்பிச் சாப்பிடும் உணவுக்குள் மருந்தை ஒளிக்காதீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உள்பக்கம் சிறிது சிறிதாக, அவன் பார்க்கும்படியே, தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு கொடுத்தபோது ஏழாம் நாள் வாயைத் திறந்தான். பாலோடு வேண்டாம், எலுமிச்சைச் சாறோடு கொடுத்தால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

மூன்றாம் மாதம் ஓர் இரவு நான் திடுக்கிட்டு எழுந்தேன். மணி நான்கரை. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிவிடுவேனோ என்ற பயத்தில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அருகில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டிசக் குழந்தைகளுக்கு இரும்பு கொடுத்துத் தூக்கத்தைக் கவனித்த ஓர் ஆய்வு டொராண்டோவில் நடந்து 2007-இல் வெளியாகியிருக்கிறது. அதிலும் இரவில் புரளுவது குறைந்தது. இரும்பு ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை. என் மகன் அதன் பிறகும் பேசவில்லை. ஆனால் தூங்கி எழுந்த குழந்தை தெரபியில் உட்கார்ந்தான், படம் காட்டித் தண்ணீர் கேட்கக் கற்றான்.

வளர்சிதை மாற்றக் கோளாறுகளை, அதாவது உணவை உடல் உடைத்துப் பயன்படுத்துவதில் வரும் பழுதுகளை, இங்கே சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் உணவால் மூளையைக் காப்பாற்ற முடியும் என்பது அங்கே நிரூபணமாகியிருக்கிறது. 1934-இல் நார்வேயில் போர்க்னி எகலாண்ட் என்ற தாய், தன் இரு குழந்தைகளும் ஏன் வளர்ச்சி குன்றினார்கள், அவர்கள் மேல் ஏன் ஒரு வினோத வாடை வீசுகிறது என்று மருத்துவர் மருத்துவராகக் கேட்டுத் திரிந்தார். அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு விட்டபோது அது பச்சையாக மாறியது. அப்படித்தான் பினைல்கீட்டோனூரியா என்ற நோய் தெரியவந்தது. புரதத்திலுள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்க முடியாமல், அது தேங்கி மூளையைக் கெடுக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஆட்டிசத்தின் குணங்களும் வரலாம். 1950-களின் தொடக்கத்தில் பர்மிங்ஹாமில் ஹார்ஸ்ட் பிக்கெல் ஒரு சிறுமிக்கு அந்த அமிலம் குறைந்த உணவு கொடுத்தார், அவள் தேறினாள். பலன் உணவால்தானா என்று உறுதிசெய்ய, தாய்க்குத் தெரியாமல் அந்த அமிலத்தை மீண்டும் கலந்தார்கள். சில நாள்களிலேயே அவள் பின்னடைந்ததைத் தாயே கவனித்துச் சொன்னார். அந்தத் தாயிடம் மறைத்தது எனக்கு வலிக்கிறது. ஆனால் உண்மையான பலன் என்றால், எதையும் அறியாதவர் கண்ணுக்கும் அது தெரியும் என்பதையும் அங்கேதான் புரிந்துகொண்டேன்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடிக்கலாம். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் அது நடப்பதில்லை. இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். உறவுக்குள் மணம் நடந்த குடும்பங்களை ஆராய்ந்தபோது, ஆட்டிசமும் வலிப்பும் சேர்ந்து வந்த சில குழந்தைகளுக்குக் கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் என்ற புரதக் கூறுகள் மிக வேகமாக உடைந்துபோகும் கோளாறு இருப்பதை 2012-இல் கண்டுபிடித்தார்கள். அரிதிலும் அரிது. இருந்தும் நான் மணந்தது அத்தை மகனை என்று சொன்னதுமே மருத்துவர் ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் சோதனை எழுதினார். எல்லாம் சரியாக இருந்தது. உங்கள் குழந்தைக்கு வலிப்பு, கற்றதை மறந்து பின்னடைவது, காய்ச்சல் வந்தால் மயங்கிச் சோர்வது, விசித்திர வாடை இவற்றில் ஏதாவது இருந்தாலோ, சொந்தத்தில் திருமணம் என்றாலோ, நரம்பியல் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லிக் கேளுங்கள். அத்தை முகம் வாடும் என்று நான் ஒரு வருடம் இதைச் சொல்லாமல் இருந்தேன். கேட்டபோது அவர், “முன்பே கேட்டிருக்கலாமே அம்மா” என்றார்.

இப்போது பலர் கேட்பது ஃபோலினிக் அமிலத்தைப் பற்றி. கர்ப்பக் காலத்தில் நாம் விழுங்கிய ஃபோலிக் அமில மாத்திரை வேறு, இது வேறு. சில குழந்தைகளுக்கு ஃபோலேட் என்ற பி வைட்டமின் மூளைக்குள் போகும் வாசலை எதிர்ப்புப் புரதங்கள் அடைத்துக்கொள்கின்றன. ஃபோலினிக் அமிலம் வேறு வாசல் வழியாகப் போகும். ரிச்சர்ட் ஃப்ரை என்ற அமெரிக்க மருத்துவரின் குழுவினர் 48 குழந்தைகளிடம் 12 வாரம் சோதித்ததில், மருந்தே கலக்காத ஒன்றை வாங்கியவர்களைவிடப் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு இந்த மருந்தைப் பற்றி அறிவித்ததும் கைப்பேசி நாள் முழுக்க ஒலித்தது. இது எனக்கும் நம்பிக்கை தரும் திசைதான். ஆனால் 48 குழந்தைகள் போதாது. எங்கள் நரம்பியல் மருத்துவரிடம் பேசிவிட்டுக் காத்திருக்கிறோம். மருந்துக் கடையில் நேரே போய்க் கேட்டு வாங்க மாட்டேன்.

குடலில் இயல்பாக வாழும் நுண்கிருமிகளைப் பற்றியும் பேச்சு அடிபடுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 247 குழந்தைகளின் மலத்தைச் சோதித்து 2021-இல் எழுதினார்கள். ஆட்டிசக் குழந்தைகளின் குடலில் கிருமி வகைகள் குறைந்திருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அவர்கள் சில உணவுகளையே திரும்பத் திரும்பச் சாப்பிடுவது என்பது அவர்கள் கண்டது. எனக்கு அது புரிந்தது. பாட்டிலில் கிருமி வாங்குவதற்கு முன், தட்டில் ஐந்தாவது உணவைக் கொண்டுவர வேண்டும்.

அதற்கு எங்களுக்கு நான்கு வருடம் ஆனது. ஒரு படி இட்லி மாவில் ஒரு தேக்கரண்டி கேழ்வரகு மாவு, அதே அளவு இரண்டு வாரம். நிறம் மாறியது கண்ணுக்குத் தெரியாது. பிறகு இரண்டு தேக்கரண்டி. ஆறாவது தேக்கரண்டியில் கண்டுபிடித்துத் தள்ளிவிட்டான், மீண்டும் நான்குக்குப் போனோம். அப்பளத்தின் மொறுமொறுப்பு அவனுக்குப் பிடிக்கும் என்பதைப் பிடித்துக்கொண்டு பொரி, அதிலிருந்து பொட்டுக்கடலை, அதிலிருந்து வறுத்த வேர்க்கடலை. முருங்கைக்கீரை அடைக்கு வந்தது ஒன்பது வயதில். புதிய உணவு அவன் தட்டில் இருக்காது, பக்கத்தில் சிறு கிண்ணத்தில் இருக்கும். தொட வேண்டிய கட்டாயம் இல்லை. கேழ்வரகு இட்லியை அவன் முகர்ந்து பார்த்ததே முதல் மாதத்தின் சாதனை.

இப்போது யாராவது புதிதாக ஒரு பாட்டிலையோ உணவு முறையையோ சொன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். இது எந்தக் குறையைச் சரிசெய்கிறது, அந்தக் குறை இவனுக்கு இருக்கிறதா, எப்படி அளப்பது, எத்தனை வாரம், எடையும் உயரமும் என்ன. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டை ஒன்றாகத் தொடங்கினால் பலனும் புரியாது, கெடுதலும் புரியாது. பழைய 14 பாட்டில்களின் சீட்டையும் ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். மூன்றில் தனித்தனியாக பி6 வைட்டமின் இருந்தது. அளவுக்கு மீறி நீண்ட நாள் எடுத்தால் கை கால் நரம்புகளைக் கெடுக்கும் வைட்டமின் அது. ஏற்கெனவே ஏதாவது கொடுத்துக்கொண்டிருந்தால் எல்லாச் சீட்டுகளையும் ஒரே தாளில் கூட்டி மருத்துவரிடம் காட்டுங்கள். நான்கைந்து உணவோடு வாழும் குழந்தை திடீரென்று நடக்க மறுத்தாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ வைட்டமின் சி குறைபாடாக இருக்கலாம். ஸ்கர்வி என்ற பழைய நோய் இன்றும் இப்படிப்பட்ட குழந்தைகளிடம் வருகிறது.

அடுத்த புதன்கிழமை ஃபெரிட்டின் பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும். போன வாரமே எடுத்திருக்க வேண்டியது. சளிக் காய்ச்சல் இருந்ததால் தள்ளிவைத்தோம், காய்ச்சலில் அந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். படங்களை வரிசையாக ஒட்டியிருக்கிறேன்: ஆட்டோ, பச்சைக் கதவு, நாற்காலி, கையில் கட்டும் ரப்பர், பஞ்சு, வீடு. காலையில் அவனே வந்து அந்த வரிசையை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் பொட்டுக்கடலை டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.